"எதைப் போட்டாலும் எரியும்" என்று விற்கப்படும் அடுப்பு: வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டில், 2,350 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய ஓர் அடுப்பு மாதக்கணக்கில் பற்றவைக்கப்படாமல் கிடக்கிறது. இப்போது அதன் மேல் வெங்காயக் கூடையை வைத்திருக்கிறோம். விறகு, கரி, தேங்காய்ச் சிரட்டை என எதைப் போட்டாலும் எரியும் என்று சொல்லப்படும் இவ்வகை அடுப்புகளின் விளம்பரங்கள் முகநூலில் அடிக்கடி கண்ணில் படுவதாலும், தீபாவளிப் பலகாரத்தை மனத்தில் வைத்துப் பலர் விலை விசாரிப்பதாலும், எங்களுக்கு நேர்ந்ததை எழுதிவைக்கிறேன். விற்றவரின் பெயரை எழுதவில்லை. அவர் வெவ்வேறு பெயர்களில் விற்பதால் எழுதினாலும் பயன் குறைவு.

பதினான்கு கிலோ எரிவாயுத் தோம்பு 26 வெள்ளி 60 காசுக்குக் கிடைக்கும் நாட்டில் விறகு அடுப்பு எதற்கு என்று என் கணவரே கேட்டார். என் மாமியார் தோட்டத்தில் வளர்ந்தவர். ரப்பர் மரக் கட்டையில் வெந்த சோற்றுக்கும் எரிவாயுவில் வெந்த சோற்றுக்கும் வேறுபாடு தெரிந்த நாக்கு அவருக்கு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாற்பது ஐம்பது பேருக்குச் சமைக்கும் குடும்பம் எங்களுடையது. மூன்று கல்லும் விறகும் வைத்து மூட்டினால் பக்கத்து வீட்டுத் துணிகளில் புகை படிகிறது என்ற மனத்தாங்கல் ஏற்கெனவே இருந்தது. புகைக்குழாய் வைத்த, கதவு மூடிய அடுப்பு என்றால் அந்தச் சங்கடம் தீரும் என்று எண்ணினோம். அந்த எண்ணத்தில் இன்றும் தவறில்லை என்றே நினைக்கிறேன். வாங்கிய இடமும் வாங்கிய விதமும்தான் தவறு.

தைப்பூசம் முடிந்த வாரத்தில் விற்பனையாளர் தாமே வீட்டுக்கு வந்து இடத்தைப் பார்த்தார். நன்றாகத் தமிழ் பேசினார், மாமியாரின் காலைத் தொட்டு வணங்கினார், என்னை வாய்க்கு வாய் "அக்கா" என்று அழைத்தார். சல்லடைத்தட்டு முழுவதும் வார்ப்பிரும்பு என்றும், குழாய் துருப்பிடிக்காத எஃகு என்றும், "எந்த எரிபொருளைப் போட்டாலும் ஒரே மாதிரிதான்கா, கதவைத் திறந்து போட வேண்டியதுதான்" என்றும் சொன்னார். முன்பணம் 500 வெள்ளியை அன்றே வாங்கிக்கொண்டு, "அடுப்பு 1" என்று மட்டும் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் நிறுவனப் பதிவு எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. பயன்படுத்தும் முறையை விளக்கும் கையேடு கேட்டபோது புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புவதாகச் சொன்னார். அது இன்றுவரை வரவில்லை.

"ஒரே மாதிரிதான்" என்ற அந்தச் சொல்தான் எல்லாவற்றிலும் பெரிய பொய் என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது. பிறை நகரில் ஓர் ஆலையில் முப்பது ஆண்டு ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை விளக்கினார். விறகு எரியும்போது வெளிவரும் வெப்பத்தின் பெரும்பகுதி கட்டையிலிருந்து ஆவியாகக் கிளம்பும் வாயுக்கள் எரிவதால் வருகிறது. ஆகவே அதற்குக் காற்று மேலிருந்து கிடைக்க வேண்டும், அடியில் இரண்டு விரற்கடை சாம்பல் மெத்தைபோல் கிடந்தால் தணல் அணையாமல் நிற்கும். கரியோ சூளையிலேயே அந்த வாயுக்களை இழந்துவிட்ட பொருள். அது கங்காகக் கனன்று எரிவதற்குக் காற்று கீழிருந்து, சல்லடைத்தட்டின் துளைகள் வழியாக ஏற வேண்டும். அப்போது சாம்பல் தங்கினால் துளை அடைபடும். விறகுக்குக் கீழ்த் திறப்பை மூடி மேல் திறப்பைத் திறக்க வேண்டும்; கரிக்கு நேர்மாறு. இரண்டையும் எரிக்கும் அடுப்பு என்றால் இரண்டு திறப்புகளும் தனித்தனியே இயங்க வேண்டும். எங்கள் அடுப்பின் மேல் திறப்பு என்று காட்டப்பட்டது, முகப்பில் அழகுக்காகத் திருகி வைத்த ஒரு குமிழ். அதைக் கழற்றிப் பார்த்த பெரியவர் பின்னால் ஓட்டையே இல்லை என்று காட்டியபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சல்லடைத்தட்டு மூன்றாவது மாதமே வில்லைப்போல வளைந்துவிட்டது. இதில் என் பங்கும் உண்டு என்பதை மறைக்கவில்லை. கோலா செப்பாத்தாங்கிலிருந்து வரும் பாக்காவ் கரியை ஒரு மூட்டை வாங்கி வைத்திருந்தோம். 1902 முதல் முறைப்படி பராமரிக்கப்படும் மாத்தாங் சதுப்புநிலக் காட்டு மரத்தைச் சூளையிலிட்டுச் செய்வது அது, நின்று எரியும், சூடும் அதிகம். அதை எரித்த நாள்களில் சாம்பல் இழுப்பறையை நான் சரியாகக் காலிசெய்யவில்லை. சாம்பல் குவிந்து தட்டின் அடிப்பாகத்தைத் தொட்டுவிட்டால், கீழிருந்து ஏறும் காற்று தட்டைக் குளிரவைக்க வழியில்லாமல் போய், இரும்பு தணலின் சூட்டிலேயே வெந்து வளையும். வார்ப்பிரும்புத் தட்டும் இப்படிக் கெடக்கூடும், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். எங்களுடையதை வெளியே எடுத்துத் திருப்பியபோது அதன் விளிம்புகளில் வெட்டும் கருவி ஓடிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அது மூன்று மில்லிமீட்டர் எஃகுத் தகடு. வார்த்த இரும்பில் மணல் அச்சின் சொரசொரப்பு இருக்கும். கறுப்பு வண்ணம் அடித்துவிட்டால் வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வாங்கும்போது தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. எடுக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

குழாயின் கதை அதைவிட மோசம். முதல் மழைக்காலத்தில் பின்கட்டுச் சுவரில் தேன் நிறத்தில் ஏதோ வழிவதைப் பார்த்து, கூரை ஒழுகுகிறது என்றுதான் நினைத்தேன். விரலால் தொட்டால் பிசுபிசுத்தது, மூன்று நாள் கழுவியும் நாற்றம் போகவில்லை. ஈர விறகின் புகை குளிர்ந்த குழாய்ச் சுவரில் படிந்து உருவாகும் தார்போன்ற கீல் அது. குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது மேல்துண்டின் குறுகிய முனை கீழ்த்துண்டுக்குள் இறங்கும்படி வைத்தால், அந்தக் கீல் குழாயின் உள்ளேயே வழிந்து அடுப்புக்குத் திரும்பி எரிந்துபோகும். பொருத்தியவர்கள் ஒவ்வோர் இணைப்பையும் தலைகீழாக வைத்திருந்ததால் அத்தனையும் வெளியே வழிந்தது. மேலும் அது துருப்பிடிக்காத எஃகும் இல்லை. குளிர்சாதனக் காற்று செல்லும் வழிகளுக்குப் பயன்படுத்தும் துத்தநாகம் பூசிய மெல்லிய தகரம். கடுஞ்சூட்டில் அந்த நாகப்பூச்சு புகையாகக் கிளம்பும், அதை மூச்சில் இழுப்பது தீங்கு. இரண்டு இடங்களில் செங்கோணமாக மடக்கி, கூரைக்கு மேலே ஏற்றாமல் தகரக் கூரையின் விளிம்புக்குக் கீழேயே குழாயை முடித்திருந்தார்கள். "மழைத்தண்ணி உள்ளே போகாதுக்கா" என்று அதற்குக் காரணம் சொன்னது நினைவிருக்கிறது. மழை உள்ளே போகவில்லை என்பது உண்மைதான். புகையும் வெளியே போகவில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்கு இன்றும் நடுக்கம் தருவது. அக்டோபரில் ஒரு மாலை, கனத்த மழை, சாரலுக்காகப் பின்கதவைச் சாத்திவிட்டு மாமியார் கரியில் கறி வைத்துக்கொண்டிருந்தார். கரியில் புகை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அரை மணி நேரத்தில் தலைவலி என்றார், பிறகு வாந்தி எடுத்தார், எழுந்து நிற்கக் கால் தள்ளாடியது. வயதான உடம்பு, வெறும் வயிறு என்று நினைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மருத்துவர் எடுத்த எடுப்பில், "வீட்டுக்குள் கரி மூட்டினீர்களா?" என்று கேட்டு, உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார். கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்ளும். அன்று கதவு இன்னும் ஒரு மணி நேரம் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க நான் விரும்பவில்லை. கதவு மூடிய அடுப்பு, குழாய் வைத்த அடுப்பு என்பதால் வீட்டுக்குள் வைக்கலாம் என்று விற்றவர் சொன்னது, புகைக்குழாய் சரியாக இழுக்கும் அடுப்புக்குத்தான் பொருந்தும். அப்படிப்பட்ட அடுப்பு இருக்கும் இடத்திலும் அந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

மறுநாள் தொலைபேசியில் அழைத்தபோது, "சர்வீஸ் பண்ணாம இருந்தா அப்படித்தான்கா" என்று பழியை எங்கள்மேல் திருப்பினார். இரண்டு பையன்கள் வந்தார்கள். முக்கால் மணி நேர வேலைக்கு 380 வெள்ளி வாங்கினார்கள். அடுப்புக் கதவைச் சுற்றியிருந்த கண்ணாடியிழைக் கயிறு நைந்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, ஹார்ட்வேர் கடையில் குளியலறைக்கு வாங்கும் கறுப்பு சிலிக்கானைப் பள்ளம் முழுவதும் பிதுக்கி நிரப்பினார்கள். அடுத்த முறை மூட்டியபோது அது குமிழிட்டு உருகி, கதவின் ஓரமெல்லாம் நாற்றப் புகையாகக் கிளம்பியது. கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளி பணத்தாள் போதும் என்பதைப் பின்னர் கற்றுக்கொண்டேன்: ஆறிய அடுப்பில் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்க வேண்டும், பிடித்தால் கயிறு நன்றாக இருக்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் மாற்ற வேண்டும். கயிறும் அதற்கான வெப்பம் தாங்கும் பசையும் பெரிய விலையும் இல்லை, நாமே ஒட்டிவிடலாம். புகைக்குழாயை அவர்கள் தொடவேயில்லை. "உள்ளே சுத்தமா இருக்குக்கா" என்று கீழிருந்து கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்துச் சொன்னார்கள். பெரியவர் கழற்றித் தட்டியபோது, முதல் மடக்கிலேயே பாதி வாளி புகைக்கரி கொட்டியது.

எரிபொருளிலும் விற்றவர் சொன்ன அறிவுரை ஆபத்தானது. தொழிற்சாலைகளின் மரப் பலகைச் சட்டங்கள், அதாவது பாலெட்டுகள், பிறைப் பக்கம் சும்மாவே கிடைக்கும், அவற்றை உடைத்துப் போடுங்கள் என்றார். அந்தச் சட்டங்களில் முத்திரை இருக்கும்: "எச்.டி." (HT) என்றால் சூடேற்றிப் பக்குவப்படுத்தியது, "எம்.பி." (MB) என்றால் மீத்தைல் புரோமைடு என்னும் நச்சுவாயு ஊட்டியது. பின்னதைச் சமையல் அடுப்பில் எரிக்கவே கூடாது. முத்திரை இல்லாததையும் வண்ணம் பூசியதையும் ஒதுக்குவதே நல்லது. விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் அளக்கும் சிறு கருவியை 35 வெள்ளிக்கு வாங்கி, விற்றவர் "காய்ந்தது" என்று சொல்லிக் கொண்டுவந்து போட்ட ரப்பர் கட்டைகளைப் பிளந்து உள்பக்கம் குத்திப் பார்த்தேன். 34 காட்டியது.

புகார் என்று வந்தபோதுதான் அந்த வெற்றுச் சீட்டின் அருமை தெரிந்தது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான இழப்புக்கு, மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. எல்லாம் எளிது, எதிர்தரப்பின் பெயரும் முகவரியும் தெரிந்திருந்தால். எங்களிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண்ணும், தானே அழியும்படி அமைக்கப்பட்ட புலனச் செய்திகளும்தான். பணத்தை மாற்றிய வங்கிக் கணக்கோ வேறொருவர் பெயரில் இருந்தது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் நிறுவனப் பதிவு எண்ணைக் கேட்டு, மலேசிய நிறுவன ஆணையத்தின் இணையத்தளத்தில் அது உண்மையா என்று தேடிப் பாருங்கள். பணத்தை அந்த நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தட்டு என்ன உலோகம், குழாய் என்ன உலோகம், எத்தனை மாத உத்தரவாதம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால், தொடக்கத்திலேயே விலகிவிடலாம்.

விற்றவரின் அந்தக் கைப்பேசி எண் இப்போது இயங்கவில்லை. ஆனால் சென்ற வாரம் வேறொரு பெயரில், வேறோர் எண்ணோடு, அதே அடுப்பு 2,580 வெள்ளிக்கு விளம்பரத்தில் வந்திருக்கிறது. பொருத்திய முதல் நாள் எங்கள் பின்கட்டில் அவர் எடுத்த படத்தையே அதில் போட்டிருக்கிறார். பச்சை ஓடு பதித்த சுவர், இடப்பக்கம் மாரியம்மன் கோயில் நாள்காட்டி, அதற்குக் கீழே மாமியாரின் உரல். அந்தப் படத்தைக் கண்டால் அது எங்கள் வீடு, எங்கள் அடுப்பு. அது எரியாது.