பழைய டீசல் பிக்கப்: எப்படி நின்றது என்று முதலில் பாருங்கள்

என்னிடம் இருப்பது காமன் ரெயில் (மிக அதிக அழுத்தத்தில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் முறை) வருவதற்கு முந்தைய காலத்து டீசல் பிக்கப். டீசலைத் தள்ள ஒரு ரோட்டரி பம்ப், அதை இன்ஜினுக்குள் பீய்ச்ச நான்கு நாசில், ஈசியூ என்ற கம்ப்யூட்டர் சமாச்சாரமே கிடையாது. இலவம்பாடிப் பக்கம் முள்ளு கத்தரிக்காய் ஏற்றி வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்குவதுதான் முக்கிய வேலை. செவ்வாய்க்கிழமைகளில் பொய்கைச் சந்தைக்கு மாடு, எப்போதாவது ஏலகிரிக்கு சிமென்ட். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதிலும் பெரிய தொல்லை இல்லை. ஸ்பிரிங் பட்டை உறுதி, சேஸிஸ் உறுதி. மே மாத வெயிலில் கேபினுக்குள் உட்காருவது தண்டனைதான், ஆனால் அது வேலூர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

வண்டியின் ஒரே கெட்ட குணம், ஓடும்போதே ஆஃப் ஆகிவிடும். அப்புறம் செல்ஃப் நன்றாக அடித்தாலும் ஸ்டார்ட் ஆகாது. இந்த ஒரே அறிகுறிக்குப் பின்னால் வெவ்வேறு சமயத்தில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருந்தன.

சத்துவாச்சாரியில் நான் வழக்கமாக விடும் மெக்கானிக் தம்பி பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பான்: “எப்படிண்ணா நின்னுச்சு? பொட்டுனு ஆஃப் ஆச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?” பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் வேண்டாம். காற்று, அழுத்தம், டீசல் மூன்றும் போதும். கரண்ட்டை நம்பி இருக்கும் ஒரே முக்கியமான இடம் பம்ப் மேலே உட்கார்ந்திருக்கும் ஸ்டாப் சோலினாய்டு. சாவி போட்டால் 12 வோல்ட் வந்து டீசல் வழி திறக்கும், கரண்ட் போனால் மூடிக்கொள்ளும். சாவியைத் திருப்பினது போலப் பட்டென்று நின்றால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். இழுவை குறைந்து, திணறி, அதிர்ந்து நின்றால் டீசல் வரத்தில்தான் வில்லங்கம்.

முதலில் வந்தது திணறல். ஏலகிரி ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டும் முன்பே இழுவை விட்டுப்போகும். சமதரையில் ஒழுங்காக ஓடும். ராத்திரி மூக்கு மேடாக நிறுத்தினால் காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டும். புது ஃபில்டர் போட்டும் மாறவில்லை. இன்னொரு கடையில் பார்த்தவுடனேயே பம்ப்பைக் கழற்றி ஓவராயில் பண்ண வேண்டும், அதாவது முழுசாகப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். பல ஆயிரம் விழுங்கும் வேலை, நான் ஒப்புக்கொள்ளவில்லை.

தம்பி செய்த சோதனை எளிமையானது. டேங்க்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி இன்ஜினை விட உயரமாகக் கட்டி, அதிலிருந்து நேராக ஃபில்டருக்குக் கொடுத்தான். வண்டி குறையே இல்லாமல் ஓடியது. ஆக பம்ப் நல்லது, கோளாறு டேங்க் பக்கம். அடுத்து ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரியும்படி ஒரு துண்டு கண்ணாடி மாதிரியான டியூப் போட்டுப் பழைய வழியில் இணைத்தபோது உள்ளே குமிழி குமிழியாகக் காற்று ஓடுவது தெரிந்தது. சேஸிஸ் ஓரம் போகும் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் என்பதால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் கறை தேடுகிறவர்களுக்கு இது சிக்கவே சிக்காது. டேங்க்குக்குள் இருந்த சல்லடையிலும் சேறு போல அழுக்கு. ஹோஸ், காப்பர் வாஷர், டேங்க் கழுவும் கூலி எல்லாம் சேர்ந்தும் ஓவராயில் செலவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இப்படி டீசல் வழியில் காற்று புகுந்துவிட்டால், ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்க்ரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்தி, நுரை நிற்கும் வரை ஹேண்ட் பிரைமரை (கையால் அமுக்கும் சின்ன பம்ப்) அமுக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் நாசில் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி செல்ஃப் அடிப்பார்கள். அந்த நேரத்தில் கையை அங்கே கொண்டுபோகக் கூடாது, அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். காமன் ரெயில் வண்டியில் அந்த நட்டைத் தொடவே கூடாது.

இரண்டாவது கோளாறு வெயில் காலத்தில் வந்தது. பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் பொட்டென்று நிற்கும். டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஆற விட்டால் சரியாகிறது என்றவுடன் பலரும் இன்ஜின் சூடு என்று ரேடியேட்டரைப் பார்ப்பார்கள். ஆனால் டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டவே இல்லை. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை துளிகூட இல்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லாவிட்டால் டீசலே போகவில்லை. சாவி போட்டபோது பம்ப் மேல் கேட்க வேண்டிய ‘டிக்’ சத்தமும் இல்லை.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஸ்டாப் சோலினாய்டுக்கு நேரடியாக ஒரு வயர் கொடுத்துப் பார்த்தோம். அப்போதும் டிக் இல்லை, ஆறினதும் டிக் வந்தது. சூட்டில் வேலை செய்யாத அளவுக்கு சோலினாய்டுக்குள் இருக்கும் காயில் கெட்டுவிட்டது என்று முடிவாயிற்று. நேரடி வயரில் ஸ்டார்ட் ஆகியிருந்தால் சாவி ஸ்விட்ச், ஃப்யூஸ், வயரிங் பக்கம் தேடியிருப்போம். இதில் ஒன்றை நினைவில் வையுங்கள்: நேரடி வயரில் ஓடும் இன்ஜின் சாவியை அணைத்தாலும் நிற்காது, வயரைப் பிடுங்க வேண்டும்.

புது சோலினாய்டு போட்ட பிறகு இரண்டு கோடையைத் தாண்டிவிட்டது. கேபினில் இப்போது ஒரு டெஸ்ட் லேம்ப், நீள வயர், இரண்டு காப்பர் வாஷர், ஸ்பேனர் எப்போதும் கிடக்கும்.

இந்த வகைப் பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் முன்பே சொல்லி, ராத்திரி மூக்கு மேடாக நிறுத்தச் சொல்லுங்கள்; காற்று புகும் வண்டி என்றால் காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகாது. காலையில் நீங்கள் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். அப்போது விலை பேசுவதை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள்.