செப்டெம்பரில் சரிந்த அணிகளைப் படிக்க ஒரு தளம்: பேஸ்போல் ரெஃபரன்ஸ் மதிப்பீடு

மாதக்கணக்கில் முதலிடத்தில் நின்ற ஒரு பேஸ்போல் அணி, பருவத்தின் கடைசி மூன்று வாரத்தில் ஏன் கவிழ்கிறது? இதை ஊகமில்லாமல் போட்டி போட்டியாகப் பார்க்க விரும்புபவர் முதலில் திறக்க வேண்டிய இணையத்தளம் பேஸ்போல் ரெஃபரன்ஸ். 2000ஆம் ஆண்டு ஷோன் ஃபோர்மன் தொடங்கியது, இன்று பிலடெல்பியாவின் ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் நிறுவனம் நடத்துகிறது. பழைய போட்டிகளின் விபரங்களில் பெரும்பகுதி, ரெட்ரோஷீட் என்ற தொண்டர் அமைப்பு 1989 முதல் தேடித் தேடிச் சேர்த்தது. இங்கே சொல்லப்போகும் எந்த வேலைக்கும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

மட்டக்களப்புக்கு அமெரிக்க விளையாட்டு அந்நியமில்லை. அமெரிக்க யேசு சபைக் குருமார்தான் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை வளர்த்தெடுத்தார்கள். வெபர் மைதானம் அவர்களில் ஒருவரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆனால் பேஸ்போல் இங்கே வேர்விடவில்லை. நம்மிடம் அதற்கு நெருங்கிய சொந்தம் எல்லேதான். எல்லே ஆடிய பிள்ளைக்கு அடித்துவிட்டு ஓடிச் சுற்றி வருவதை விளக்கத் தேவையில்லை. விளக்க வேண்டியது 162 போட்டிகள் கொண்ட பருவத்தையும் அதன் புள்ளிக் கணக்கையும்தான். அந்த இடத்தில் இந்தத் தளம் நல்ல வாத்தியார்.

வழி இதுதான். முகப்பில் "டீம்ஸ்", அதில் அணி, பிறகு ஆண்டு, பிறகு "ஸ்கெடியூல் அண்ட் ரிசல்ட்ஸ்". ஒரு பருவம் முழுவதும் ஒரே அட்டவணையாக விரியும், ஒரு போட்டிக்கு ஒரு நிரை. நிரல்கள் நிறைய. சரிவைப் படிக்க நான்கு போதும்: அடித்த ஓட்டம், கொடுத்த ஓட்டம், அதுவரையான வெற்றி தோல்வி, "ஜீ.பீ." எனப்படும், முதலிடத்துக்கான இடைவெளி. அணி முதலிடத்தில் இருக்கும் நாட்களில் இடைவெளி எண்ணுக்கு முன்னால் "அப்" என்று போட்டிருக்கும். அது மறையும் நாளைக் கண்டுபிடித்தால் சரிவின் முடிவு கிடைத்துவிடும். தொடக்கத்தைக் காண அங்கிருந்து மேலே ஏற வேண்டும்.

இடைவெளி எப்படி வருகிறது என்பதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. இரு அணிகளின் வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 2007 செப்டெம்பர் 12 முடிவில் நியூயோர்க் மெட்ஸ் 83 வெற்றி, 62 தோல்வி. பிலடெல்பியா பிலீஸ் 76 வெற்றி, 69 தோல்வி. 7ம் 7ம் 14, பாதி 7. மீதம் 17 போட்டிகள். இன்னொரு கணக்கும் உண்டு, அமெரிக்கர் அதை "மஜிக் நம்பர்" என்பார்கள்: 163இல் இருந்து முதல் அணியின் வெற்றிகளையும் இரண்டாம் அணியின் தோல்விகளையும் கழிக்க வேண்டும். 163 கழித்தல் 83 கழித்தல் 69, விடை 11. மெட்ஸ் வெல்வதும் பிலீஸ் தோற்பதும் சேர்ந்து 11 தடவை நடந்தால் போதும் என்று அர்த்தம். நடந்தது 9 தடவை. மெட்ஸ் 5 வென்று 12 தோற்றது. பிலீஸ் 13 வென்று 4 தோற்றது. மெட்ஸுக்கு 88 வெற்றி, பிலீஸுக்கு 89 என்று பருவம் முடிந்தது.

இந்தச் சரிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசி நாளைத்தான் பிடித்துக்கொள்வார்கள். செப்டெம்பர் 30 அன்று டொம் கிளவின் ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் 7 ஓட்டங்கள் கொடுத்தார், மெட்ஸ் 8-1 என்று தோற்றது. நம்மூர் மென்பந்து கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போட்டவன் தலையில் எல்லாப் பழியையும் கட்டுவது போலத்தான் இதுவும். அட்டவணையில் ஆறு நிரை மேலே ஏறிப் பாருங்கள். 24, 25, 26ஆம் திகதிகளில் சொந்த மைதானத்தில் வொஷிங்டன் நஷனல்ஸுடன் மூன்று போட்டி. கொடுத்த ஓட்டம்: 13, 10, 9. அந்தப் பருவத்தில் 89 போட்டி தோற்ற அணிக்கு எதிரே இது. நடுப்போட்டியில் மெட்ஸ் 9 ஓட்டம் அடித்தும் தோற்றது. துடுப்பாட்டம் செத்துவிடவில்லை, பந்து எறிய ஆள் இல்லாமல் போய்விட்டது. ஒரு நிரலைக் கீழ்நோக்கி வாசித்தாலே இவ்வளவும் தெரிகிறது.

தளத்தின் ஆழம் உண்மையாகத் தெரிவது 1964இல். செப்டெம்பர் 20 முடிவில் பிலடெல்பியா 90க்கு 60, அதாவது 90 வெற்றி, 60 தோல்வி. சென். லூயிஸ் கார்டினல்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் 83க்கு 66. ஆறரைப் போட்டி முன்னிலை, மீதம் 12, மஜிக் நம்பர் 7. அடுத்த பத்தும் தோல்வி. முதல் நிரையே 0-1: சின்சினாட்டியின் சிக்கோ ரூயிஸ் ஆறாவது இன்னிங்ஸில், அடி எதுவும் இல்லாமலே ஓடி, ஹோம் பேஸைத் திருடி எடுத்த அந்த ஒற்றை ஓட்டம். பிறகு 2-9, 4-6, 3-5, 5-7, 4-6, 8-14, 1-5, 2-4, 5-8.

இதில் நின்றுவிடாமல், ஜிம் பனிங் என்ற பிலடெல்பியா பிட்சரின் (பந்து எறிபவரின்) பெயரை அழுத்தி "கேம் லொக்ஸ்" பகுதியில் 1964ஐத் திறக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு போட்டிக்கும் முன் அவருக்கு எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது என்று பார்க்கலாம். திகதிகளைக் கழித்தாலும் அதே விடைதான். பனிங் செப்டெம்பர் 24, 27, 30ஆம் திகதிகளில் தொடங்கினார். இடையில் இரண்டிரண்டு நாள்தான். இடக்கை பிட்சர் கிறிஸ் ஷோர்ட் 22, 25, 28. அவருக்கும் அதே கதி. அந்தக் காலத்தில் மூன்று நாள் ஓய்வு வழமை, இரண்டு நாள் என்பது தோளைக் கசக்கிப் பிழிவது. முகாமையாளர் ஜீன் மோக் தன் இரு நல்ல பிட்சர்களையும் விரைவாக முடித்துவிடலாம் என்று இறக்க, அவர்கள் களைத்துப்போனார்கள். ஒக்டோபர் 4 அன்று மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு பனிங் எறிந்த போட்டியில் பிலடெல்பியா 10-0 என்று வென்றது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. கார்டினல்ஸ் 93க்கு 69, பிலடெல்பியாவும் சின்சினாட்டியும் 92க்கு 70. ஒரு முடிவு எங்கே பிழைத்தது என்பதை ஒற்றைப் பக்கத்தில் இவ்வளவு துல்லியமாகக் காட்டும் விளையாட்டுப் பதிவு அரிது.

இனிக் குறைகள். முதலாவது பெரியது. இடைவெளி நிரல் அந்த அணியின் பிரிவுக்குள் (அணிகளை வகுத்து வைத்திருக்கும் குழுவுக்குள்) மட்டும்தான் கணக்குப் பார்க்கும். பிரிவை வெல்லாத அணிகளுக்கான வைல்ட் கார்ட் இடத்துக்கு நடந்த போட்டாபோட்டியை அது காட்டாது. 2011 பொஸ்டன் றெட் சொக்ஸின் சரிவு அப்படிப்பட்டது. அவர்களின் பக்கத்தை மட்டும் பார்த்தால், நியூயோர்க் யாங்கீஸுக்குப் பின்னால் மெல்லப் பின்தங்கிய ஒரு அணி போலத்தான் தோன்றும். செய்ய வேண்டியது: பொஸ்டன், டம்பா பே ரேய்ஸ் இரண்டின் பக்கங்களையும் தனித்தனியே திறந்து வெற்றி தோல்வி நிரல்களைப் பக்கத்தில் வைப்பது. செப்டெம்பர் 3 முடிவில் பொஸ்டன் 84க்கு 54, டம்பா பே 75க்கு 63, இடைவெளி 9. அங்கிருந்து பொஸ்டன் 6 வென்று 18 தோற்றது, டம்பா பே 16 வென்று 8 தோற்றது. முடிவில் பொஸ்டனுக்கு 90 வெற்றி, டம்பா பேக்கு 91. அதே மாதம் அட்லாண்டா பிரேவ்ஸ் 9 வென்று 18 தோற்று கார்டினல்ஸிடம் இடத்தை இழந்ததும் இதே வகை. கார்டினல்ஸ் அந்த ஆண்டு, சம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸையே வென்றது. வைல்ட் கார்ட் இடைவெளிக்கு ஒரு நிரலை ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்று கேட்கத்தான் வேண்டும்.

2011 பருவத்தின் கடைசி இரவின் பொக்ஸ் ஸ்கோர்களை (ஒரு போட்டியின் புள்ளி அட்டைகளை), முழு விபரத்தோடு, கட்டாயம் திறந்து பாருங்கள். திகதி அங்கே செப்டெம்பர் 28; மட்டக்களப்பு அந்த மாதத்தில் நியூயோர்க்கைவிட ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் நிற்பதால் நமக்கு 29 காலை. பக்கத்தின் கீழே, களத்துக்கு வந்த ஒவ்வொரு பட்டருக்கும் (துடுப்பாளருக்கும்) ஒரு நிரை: இன்னிங்ஸ், ஓட்ட நிலை, அவுட், பேஸில் யார், எத்தனையாவது பந்து, அந்தக் கணத்தில் வெல்லும் வாய்ப்பு எத்தனை வீதம். டம்பா பே 0-7 என்று எட்டாவது இன்னிங்ஸ் வரை கிடந்தது. 6-7 ஆன பிறகு, ஒன்பதாவதில் இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக் (மூன்றாவது விழுந்தால் ஆட்டமிழப்பு), மாற்று பட்டர் டான் ஜோன்சன் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி). அந்த நிரையில் வாய்ப்பு வீதம் ஒரேயடியாகத் துள்ளுகிறது. பால்டிமோரில் பொஸ்டன் 3-2 என்று முன்னால், ஒன்பதாவதில் இரண்டு அவுட், பேஸில் ஒருவருமில்லை. பால்டிமோரின் டேவிஸ் டபிள் (இரண்டு பேஸ் ஓடும் அடி), ரைமோல்ட் டபிள், அன்டினோ சிங்கிள் (ஒரு பேஸ் அடி), 3-4. சில நிமிடங்களில் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் இவான் லொங்கோரியாவின் ஹோம் ரன், டம்பா பே 8-7. இரண்டு பக்கங்களையும் இரு தாவல்களில் வைத்து வாசிக்க வேண்டும்.

அட்டவணையைக் கணனிக்கு எடுக்க, தலைப்புக்கு மேலுள்ள "ஷெயார் அண்ட் எக்ஸ்போர்ட்" பொத்தானில் சீ.எஸ்.வி. வடிவம் கிடைக்கும். எக்செல்லில் ஒட்டும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். 9-5, 10-4 என்ற வெற்றி தோல்வி எண்களை எக்செல் திகதியாக மாற்றிவிடும். ஒட்டும் முன்பே அந்த நிரலை "டெக்ஸ்ட்" என்று வைத்துவிட வேண்டும், பிறகு திருத்தினால் பழைய எண் திரும்பாது. இரண்டாவது, நிரல் தலைப்புகள் அட்டவணையின் நடுவிலும் திரும்பத் திரும்ப வரும். அவற்றை நீக்காமல் கூட்டினால் விடை பிழைக்கும். ஒரே நாளில் இரண்டு போட்டி நடந்தால் திகதிக்குப் பக்கத்தில் 1, 2 என்று குறித்திருக்கும். 1951 ஓகஸ்ட் 11இல் புரூக்ளின் டொட்ஜர்ஸின் முன்னிலையைச் சிலர் 13 என்றும் சிலர் பதின்மூன்றரை என்றும் எழுதுவதற்கு இதுதான் காரணம்: அன்று முதல் போட்டியில் வெற்றி, இரண்டாவதில் தோல்வி.

பழைய அணிகளைத் தேடும்போது இன்றைய பெயரில்தான் நுழைய வேண்டும். புரூக்ளின் டொட்ஜர்ஸ், லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்குள் இருக்கும்; 1995இல் சரிந்த கலிபோர்னியா ஏஞ்சல்ஸ், லொஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸுக்குள். சமநிலையில் முடிந்த பருவங்களின் முடிவுப் போட்டி வழமைப் பருவக் கணக்கிலேயே சேரும், ஆகவே 1978 பொஸ்டனுக்கு 163 நிரைகள் வரும். அந்த முறை 2022 முதல் இல்லை.

தளம் சொல்லாததும் உண்டு. 1951இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் கடைசி 44 போட்டிகளில் 37ஐ வென்று டொட்ஜர்ஸை எட்டிப் பிடித்ததை எண்கள் காட்டும். தங்கள் மைதானத்தில் தொலைநோக்கி வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடினார்கள் என்பதை எண்கள் சொல்லாது. ஏஞ்சல்ஸின் கேரி டிசார்சினா ஓகஸ்ட் தொடக்கத்தில் பெருவிரலில் காயப்பட்டது, அவர் பெயர் பொக்ஸ் ஸ்கோரில் காணாமல் போவதாக மட்டும்தான் தெரியும். காரணத்துக்கு அக்காலப் பத்திரிகைகளைத்தான் நாட வேண்டும்.

போனில் பார்ப்பது சிரமம். அட்டவணை அகலமானது, பக்கவாட்டில் தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டும், விளம்பரங்கள் இடையில் குறுக்கிடும். போனைக் கிடையாகப் பிடித்தால் சமாளிக்கலாம். காணொளி பார்ப்பதோடு ஒப்பிட்டால் டேட்டா குறைவுதான். காட்சி வேண்டுமென்றால் யூடியூப்பில் எம்.எல்.பி. எனப்படும் அமெரிக்க முதல்தர பேஸ்போல் லீக்கின் பக்கத்தில் ஹைலைட்ஸ் இலவசம். ஸ்டட்ஹெட் என்ற கட்டணப் பகுதி பல பருவங்களை ஒரே தேடலில் அலசுபவர்களுக்கானது, கட்டணம் டொலரில். ஒரு அணி, ஒரு பருவம் என்று படிப்பவருக்கு அது வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர் 2007 மெட்ஸில் தொடங்குவது நல்லது, எல்லாம் ஒரே பிரிவுக்குள் நடந்ததால் இடைவெளி நிரலே முழுவதையும் காட்டிவிடும். அடுத்தது 1964. பிறகு 2025 டெட்ரொயிட் டைகர்ஸ்: ஜூலை 8இல் கிளீவ்லாந்து கார்டியன்ஸைவிடப் பதினைந்தரைப் போட்டி முன்னால் நின்று, தனக்கு 87 வெற்றி, கிளீவ்லாந்துக்கு 88 என்று பிரிவை இழந்த அணி. ஆனால் வைல்ட் கார்ட் இடத்தில் உள்ளே வந்து, முதல் சுற்றில் அதே கிளீவ்லாந்தை வென்றது. இதற்குப் பருவ அட்டவணை போதாது, "போஸ்ட்சீசன்" பக்கத்தையும் சேர்த்துத் திறக்க வேண்டும்.