ரீயூனியனும் மொரிசியஸும்: பிரிந்து போன இரண்டு தீவுகள்

இரண்டும் இந்தியப் பெருங்கடலில் அக்கம்பக்கத்துத் தீவுகள். இரண்டிலும் பிரெஞ்சுக்காரர்கள் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தினார்கள். 1810இல் இரண்டையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1814 பாரிஸ் ஒப்பந்தத்தில் ரீயூனியனைத் திருப்பிக் கொடுத்தார்கள். நல்ல துறைமுகம் இருந்த மொரிசியஸை வைத்துக்கொண்டார்கள். வழி பிரிந்தது அங்கேதான்.

மொரிசியஸ் 1968இல் விடுதலை பெற்றது, 1992இல் குடியரசானது. ஆனால் ஆங்கிலேயர் 158 ஆண்டுகள் ஆண்டும் பிரெஞ்சு மொழி போகவில்லை. அரசு அலுவல் ஆங்கிலத்தில், நாளிதழ் பெரும்பாலும் பிரெஞ்சில், வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து கிளைத்த கலப்பு மொழியான கிரியோலில். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு.

ரீயூனியன் 1946இல் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆனது. பணம் யூரோ, சட்டம் பாரிஸில். மருத்துவம், கல்வி, உதவித்தொகை எல்லாம் பிரெஞ்சுத் தரத்தில் கிடைக்கின்றன. விலையும் கொடுத்தார்கள். 1962 முதல் 1984 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசு பிரான்சின் கிராமப்புறங்களுக்கு அனுப்பியது. பலர் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அடிமைகளின் இசையான மலோயாவும் நெடுங்காலம் ஒடுக்கப்பட்டது. 2009இல்தான் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது.

அங்கே தமிழ் வழித்தோன்றல்களை 'மலபார்' என்பார்கள். கோயிலும் தீமிதியும் நிலைத்தன, வீட்டில் தமிழ்ப் பேச்சு நிலைக்கவில்லை. சரி, வசதிக்கு ரீயூனியன் என்றால், தன் பல முகங்களையும் நாட்டின் முகமாக ஏற்றதில் மொரிசியஸ்தான் முன்னே நிற்கிறது என்பேன்.