ரப்பரா, முழு பிளேடா, ஃபிளாட் பிளேடா: பழைய காரின் வைப்பர் சத்தத்துக்கு எது தகும்?

இருபது ஆண்டுகள் ஓடிவிட்ட என் சிறிய காரில், சென்ற ஐப்பசியின் முதல் மழையன்றே, ஓட்டுநர் பக்கத்து வைப்பர் டரடரவென்று துள்ளிக்கொண்டு, கண்ணாடியில் பட்டை பட்டையாக நீரை விட்டுச் சென்றது. உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனபோது என் முன்னே மூன்று வழிகள் இருந்தன: ரப்பரைப் பிடித்திருக்கும் பழைய இரும்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் மாற்றுவது, அதே வகை இரும்புச் சட்ட பிளேடை முழுவதுமாகப் புதிதாக வாங்குவது, அல்லது சட்டமே இல்லாத ஃபிளாட் பிளேடுக்கு மாறிவிடுவது. நான் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தேன். மழைக்காலம் முழுவதும் ஓட்டிப் பார்த்த பின்னும் அதுவே சரியென்று எண்ணுகிறேன்.

எதை வாங்குவது என்பதற்கு முன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும். ரப்பரில் இல்லாத கோளாறைப் புது ரப்பர் தீர்க்காது. கீச்சொலி போகும்போதும் வரும்போதும் ஒரே அளவில் கேட்டால், கண்ணாடியில் எண்ணெய்ப் படலமோ வாக்ஸோ படிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு குவளை நீரை ஊற்றினால், சுத்தமான கண்ணாடியில் அது விரிந்து பரவும். படலம் இருக்கும் இடத்தில் முத்து முத்தாக நிற்கும். பாத்திரம் துலக்கும் திரவத்தால் இரண்டு முறை கழுவினாலே பெரும்பாலும் அது போய்விடும். மாறாக, துள்ளல் ஒரு திசையில் மட்டும் இருந்தால், ரப்பரின் விளிம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபக்கம் மடங்க வேண்டியது மடங்காமல் நிற்கிறது என்று பொருள். ரப்பர் இறுகிப்போயிருக்கலாம், அல்லது பிளேடைத் தாங்கிப் பிடித்திருக்கும் கை, அதாவது ஆர்ம், முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடிக்குக் கீழிருந்து டொக்கென்று கேட்டால், அது லிங்கேஜ் புஷ், அதாவது மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கும் கம்பிகளின் மூட்டு வளையம், தேய்ந்ததன் ஒலி. அதற்கும் பிளேடுக்கும் தொடர்பில்லை.

ஆர்ம் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, வைப்பர் பாதி வழியில் இருக்கும்போது சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, பிளேடைக் கழற்றி, ஆர்மின் நுனியைப் பக்கவாட்டிலிருந்து நோக்க வேண்டும். நுனித் தகடு கண்ணாடிக்கு இணையாக இருந்தால்தான் ரப்பர் செங்குத்தாக நிற்கும். என் காரில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சாய்ந்திருந்தது. துணி சுற்றிய இரண்டு பிளையர்களால் மெல்லத் திருகி நேராக்கினேன். பிளேடு இல்லாத ஆர்ம் ஸ்பிரிங் வேகத்தில் கண்ணாடிமீது அறைந்தால் விரிசல் விழும் என்பதால், கண்ணாடியில் தடித்த துண்டு ஒன்றை விரித்துவிட்டே இந்த வேலையில் இறங்க வேண்டும்.

ஆர்ம் நேரான பிறகு பாதிச் சத்தம் அடங்கியது. மீதி, ரப்பர் இறுகியதால் வந்தது. மூன்று வழிகளும் பிரிவது இங்கேதான். சென்னையில் வைப்பர் ரப்பர் துடைத்துத் துடைத்துத் தேய்வதில்லை. வெயிலில் கிடந்து சாகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர, ஆண்டின் பெரும்பகுதியில் அது கொதிக்கும் கண்ணாடிமீது ஒரே பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. வெப்பமும் புற ஊதாக் கதிரும் ஓசோனும் சேர்ந்து இயற்கை ரப்பரை இறுக்கி, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. விலை உயர்ந்த பிளேடின் ரப்பருக்கும் இதே கதிதான். எதை வாங்கினாலும் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை ரப்பர் மாற்ற வேண்டியிருக்கும் என்றால், அந்த மாற்றம் எவ்வளவு எளிது, எவ்வளவு மலிவு என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். முதல் நாள் எவ்வளவு நன்றாகத் துடைக்கிறது என்பது அதற்குப் பின்னரே.

ஃபிளாட் பிளேடு பார்க்க அழகு, காற்றின் இரைச்சலும் குறைவு. ஆனால் அதன் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை ஏற்கெனவே ஒரு வளைவோடு செய்யப்பட்டது. நம் கண்ணாடியின் வளைவு அதனோடு ஒத்துப்போகாவிட்டால் முனைகள் தூக்கிக்கொள்ளும். அதற்குத் தனி ரப்பர் நான் கேட்ட கடைகளில் கிடைக்கவில்லை. ரப்பர் போனால் முழுவதையும் எறிய வேண்டியதுதான். முழு இரும்புச் சட்ட பிளேடு நன்றாகவே துடைக்கும், ஆனால் நல்ல சட்டத்தை வீசிவிட்டு இன்னொரு சட்டத்துக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானில் ரப்பரை மட்டும் மாற்றுவது வெகு சாதாரணமான வழக்கம்.

ரப்பர் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. நீளத்தோடு, மேல்பகுதியின் அகலமும் பொருந்த வேண்டும். 6 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்பவை பரவலானவை. அகலம் தவறினால், ரப்பரைக் கவ்விப் பிடிக்கும் சட்டத்தின் நகங்களில் அது ஆடும் அல்லது ஏறாது. நீளம் கூடுதலாக இருந்தால் கத்தரித்துக்கொள்ளலாம். பழைய ரப்பரின் இருபுறமும் இருக்கும் மெல்லிய எஃகுப் பட்டைகளை உருவி, எந்தப் பக்கம் வளைந்திருந்தனவோ அதே பக்கமாகப் புதியதில் செருக வேண்டும். கடைசி நகம் ரப்பரின் பூட்டுப் பள்ளத்தில் அமர்ந்துவிட்டதா என்பதை மட்டும் இருமுறை பாருங்கள். அமராவிட்டால் ஓட்டத்தில் ரப்பர் நழுவி, இரும்பு கண்ணாடியைக் கீறிவிடும், அந்தக் கீறல் பிறகு போகவே போகாது. சத்தத்தை அடக்க ரப்பரில் டீசலோ தேங்காய் எண்ணெயோ தடவச் சொல்வார்கள், வேண்டாம். டீசல் ரப்பரை ஊதச் செய்யும், எண்ணெய் கண்ணாடியில் படலமாகி மீண்டும் கீச்சொலியைக் கொண்டுவரும்.

சிலிக்கான் ரப்பர் வெயிலை நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. அதை நண்பர் ஒருவரின் காரில் சில நாள்கள் மட்டுமே ஓட்டிப் பார்த்தேன். தூறலில், கண்ணாடி பாதி காய்ந்திருக்கும்போது, அது சற்றுக் கூடுதலாகவே கீச்சிட்டது. இவ்வளவு குறைந்த அனுபவத்தை வைத்து அதைத் தள்ளிவிட நான் தயாரில்லை.

ஒரே ஒரு நிலையில் என் தேர்வு தோற்கும். சட்டத்தை ஆட்டிப் பார்க்கும்போது அதன் ரிவெட் மூட்டுகள் லொடலொடத்தாலோ, துருப்பிடித்து அசையாமல் நின்றாலோ, புது ரப்பரும் கண்ணாடியோடு ஒட்டாது. அப்போது இரும்புச் சட்ட பிளேடை முழுதாக வாங்குங்கள். ஆனால் பணம் கொடுக்கும் முன், அதற்கு அடுத்த ஆண்டு தனி ரப்பர் கிடைக்குமா என்று அந்தக் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.