புயல் தாங்கும் வீடு என்று சொல்லி பெல்ட் கான்கிரீட்டே போடாமல் பூசிவிட்டார்கள்: வேதாரண்யம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் படியுங்கள்

போன வருடம் ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி மழையோடு காற்று அடித்தது. புயல் இல்லை, எச்சரிக்கைக் கூண்டும் ஏற்றவில்லை, எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் வழக்கமாக அடிக்கும் காற்றுதான். விடிந்து கதவைத் திறந்தால் முன்பக்கத் தாழ்வாரத்துக் கூரை இல்லை. தகரம், பைப், போல்ட் எல்லாம் ஒரே சட்டமாகக் கழன்று எதிர்த்த வீட்டுப் புளியமரத்தில் சாய்ந்து கிடந்தது. பிள்ளைகள் இரண்டும் அந்தத் தாழ்வாரத்தில்தான் படிக்கும், விளையாடும். பகலில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னமும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இது கட்டி ஐந்தாறு வருடமே ஆன வீடு. அதுவும் "புயல் தாங்கும் வீடு" என்று சொல்லி, அதற்கென்று தனியாக 1,40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு காண்ட்ராக்டர் கட்டிக்கொடுத்தது. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் என்ன செய்தார், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார், இதே வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்றும் இப்போது தெரிகிறது.

கஜாவில் எங்கள் பழைய ஓட்டு வீடு போய்விட்டது. 2018 நவம்பர் 15 ராத்திரி, 16 விடியற்காலை. முதலில் வாடைப் பக்கமிருந்து அடித்தது, ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. அப்புறம் திடீரென்று ஓய்ந்தது. விட்டுவிட்டது என்று நினைத்து நாங்கள் வெளியே வந்து பார்த்தோம், பக்கத்து வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துக் கட்டப் போனார். அது புயலின் கண் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரத்தில் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து, தெற்கே இருந்து அடிக்க ஆரம்பித்ததும் வடக்கே சாய்ந்து நின்ற சுவரெல்லாம் விழுந்தது. நானும் மாமியாரும் பிள்ளைகளும் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். அன்றைக்குக் காற்று மணிக்கு 100லிருந்து 110 கிலோமீட்டர், இடையிடையே 120 வரை என்று வானிலைத் துறை சொன்னது.

அந்த பயத்தில்தான், வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து அனுப்பின பணத்தோடு நகையையும் அடகு வைத்து, 600 சதுர அடியில் வீடு ஆரம்பித்தோம். தளம் போடுகிற அளவுக்குக் காசு இல்லை, அதனால் செங்கல் சுவர், மேலே இரும்பு பைப்பில் ட்ரஸ், அதாவது கூரைச் சட்டம், அதன் மேல் கலர் ஷீட். காண்ட்ராக்டர் செல்போனில் வீடியோ காட்டினார். "அக்கா, அமெரிக்காவுல ஹரிகேன் வர்ற ஊர்ல இப்படித்தான் கட்டுறாங்க, அதே மாதிரி கட்டித் தர்றேன், கஜா மாதிரி பத்து வந்தாலும் அசையாது" என்றார். என் நோட்டில் அவர் கையாலேயே எழுதிக்கொடுத்தது இது: சுவருக்கு மேலே ரூப் பெல்ட் 9 அங்குலத்துக்கு 6 அங்குலம், 10 எம்.எம். கம்பி நாலு, ட்ரஸ் போல்ட் கான்கிரீட்டில் பதித்தது, ஷீட் 0.50 எம்.எம். ரூப் பெல்ட் என்றால் சுவர் உச்சியில் வீட்டைச் சுற்றிலும் கம்பி வைத்து ஊற்றுகிற கான்கிரீட் பட்டை. அந்த நோட்டுப் பக்கத்தை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பெல்ட் போடுகிற சமயத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தேன். திரும்பி வந்தால் சுவர் உச்சியில் சாக்கு நனைத்துப் போட்டிருந்தார்கள். "பெல்ட் போட்டாச்சுக்கா, க்யூரிங் ஓடுது" என்றார். தினமும் நானே குடத்தில் தண்ணீர் தூக்கி அந்தச் சாக்கை நனைத்தேன். ஒரு வாரத்தில் பூச்சு வேலை முடிந்து, ட்ரஸ் ஏறி, ஷீட் ஏறி, பெயிண்டும் அடித்தாகிவிட்டது.

தாழ்வாரம் பறந்த பிறகு, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு இன்ஜினியர் சார், எங்கள் உறவுக்காரர், வந்து பார்த்தார். வந்தவர் முதலில் கேட்டது அந்த போல்ட்டைத்தான். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கடையில் வாங்கினபடியே சுத்தமாக, மரை முழுவதும் தெரிய இருந்தது. "கான்கிரீட்டுல பதிச்ச போல்ட்டுன்னா பிடுங்கும்போது கொஞ்சமாவது கான்கிரீட்டையும் சேர்த்துப் பேத்துக்கிட்டு வரும்மா, இதுல ஒரு பொட்டு சிமெண்ட் இல்ல பாரு" என்றார். அது வெறும் மூன்றங்குல விரிபோல்ட். சுவரில் டிரில் போட்டு அடித்திருக்கிறார்கள். போல்ட் இருந்த ஓட்டையில் விரலை விட்டார், செங்கல் பொடி சிவப்பாகக் கொட்டியது.

அப்புறம் சுத்தியலையும் உளியையும் எடுத்து, பெல்ட் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த இடத்தில் பூச்சைக் கொத்தினார். சுவரைச் சுற்றிலும் ஒரு பட்டை மட்டும் லேசாகப் புடைத்து, பார்க்கிறவர்களுக்கு பெல்ட் மாதிரியே இருக்கும். பூச்சு பெயர்ந்ததும் உள்ளே செங்கல். இன்னும் மூன்று இடத்தில் கொத்தினார், மூன்றிலும் செங்கல்தான். கான்கிரீட்டும் இல்லை, கம்பியும் இல்லை. பூச்சைக் கனமாக வைத்து பெல்ட் மாதிரி காட்டியிருக்கிறார்கள். நான் தண்ணீர் தூக்கி ஊற்றினது வெறும் செங்கல் மேல்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா அப்போதுதான் சொன்னார்கள்: "நீ ஊர்ல இல்லாதப்ப பலகை இறக்கினதையே நான் பார்க்கலையேம்மா." கான்கிரீட் ஊற்ற இரண்டு பக்கமும் பலகை அடிக்காமல் பெல்ட் எப்படிப் போட முடியும்? ஜல்லியும் அந்த வாரம் வரவில்லை என்று கணக்கு நோட்டைப் பார்த்ததும் தெரிந்தது. இதெல்லாம் அப்போதே என் கண்ணில் பட்டிருக்க வேண்டிய விஷயங்கள்.

பெல்ட் எதற்கு இவ்வளவு முக்கியம் என்று சார் உட்கார்ந்து விளக்கினார். இது எல்லோருக்கும் தெரிய வேண்டும். கூரை பாரமாக மேலே உட்கார்ந்திருக்கிறது, காற்று பக்கவாட்டில் தள்ளும், அவ்வளவுதான் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் காற்று கூரைக்கு மேலே ஏறிப் போகும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. எதிர்க்காற்றில் ஒரு ஜன்னலோ கதவோ உடைந்தால் உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்தும் தள்ளும். இரண்டும் சேரும்போதுதான் கூரை கிளம்புகிறது. கணக்கும் போட்டுக் காட்டினார். 120 கிலோமீட்டர் காற்றுக்கு ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 68 கிலோ அழுத்தம். எங்கள் ஷீட் ஒன்று 12 அடிக்கு மூன்றரை அடி, அதன் மேல் மட்டும் 260 கிலோவுக்குப் பக்கம் வரும், அதாவது பத்து சிப்பம் அரிசியின் எடை மேல்நோக்கி இழுக்கிறது. ஷீட்டின் சொந்த எடை பத்துப் பதினைந்து கிலோ. கூரையின் ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு இன்னும் அதிகம். காற்று இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும் என்பதையும் மறக்கக்கூடாது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில், கட்டடக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி சென்னைக்குக் கொடுத்திருக்கிற அடிப்படைக் காற்று வேகமே நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர்.

அந்த இழுப்பை ஷீட்டிலிருந்து ஸ்க்ரூ வாங்கி, ஷீட்டைத் தாங்குகிற குறுக்குப் பைப்பான ரீப்பர் வாங்கி, ட்ரஸ் வாங்கி, போல்ட் வழியாக பெல்ட்டுக்குக் கொடுத்து, பெல்ட் மொத்தச் சுவரின் எடையையும் சேர்த்துப் பிடித்து, மூலைக் கம்பி வழியாகக் கடக்கால் வரை கொண்டுபோக வேண்டும். இதில் எங்கே ஒரு கண்ணி விட்டாலும் அந்த இடத்தில் பிய்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் கூரைச் சட்டத்தையும் சுவரையும் சேர்த்து இரும்புப் பட்டை அடிக்கிறார்களே, அதுவும் இதற்குத்தான். 1992ல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு புளோரிடாவை அடித்தபோது அங்கேயும் கூரையைச் சரியாக அடிக்காத வீடுகள் ஏராளமாக அழிந்தன, அதற்கப்புறம்தான் அந்த மாநிலத்தில் கட்டட விதிகளை இறுக்கினார்கள். எங்கள் காண்ட்ராக்டர் காட்டிய வீடியோவில் இருந்ததும் அந்தப் பட்டைதான். எங்கள் வீட்டில் அதற்குச் சமமான ஒன்றைக்கூட அவர் வைக்கவில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ஷீட் 0.50 என்று காசு வாங்கிவிட்டு 0.35 போட்டிருக்கிறார். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஓரத்திலும் முகட்டிலும் ஷீட்டின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்க்ரூ இருக்க வேண்டும், எங்களுக்கு மூன்று மேட்டுக்கு ஒன்று. ரீப்பரும் ட்ரஸ்ஸும் சேரும் இடத்தில் சுற்றி வெல்டிங் இல்லை, அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் வைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். உப்புக் காற்றில் அந்தப் பொட்டுகளில் பாதி துருப்பிடித்து, தட்டினதும் உதிர்ந்தது. நாலு பக்கமும் சரிவு வைத்த கூரைதான் காற்றுக்கு நல்லது என்று முதலில் அவரே சொல்லிவிட்டு, பைப் பற்றவில்லை என்று இரண்டு சரிவோடு நிறுத்தி, இரண்டு பக்கமும் முக்கோணச் சுவரை எழுப்பினார். அந்தச் சுவருக்கும் மேலே பிடிமானம் எதுவும் இல்லை. தாழ்வாரக் கூரை தனியாக நிற்க வேண்டியது, அது போனாலும் வீட்டுக் கூரை நிற்க வேண்டும். இங்கே இரண்டையும் ஒரே பைப்பில் சேர்த்து வெல்டிங் செய்திருந்ததால், தாழ்வாரம் கிளம்பும்போது வீட்டுக் கூரையின் முன்வரிசையையும் இழுத்து வளைத்துவிட்டது.

காண்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். முதலில் "அக்கா, அது காத்து ஜாஸ்திக்கா" என்றார். பெல்ட் இல்லை, கொத்திப் பார்த்துவிட்டோம் என்றதும், "நீங்கதானே பொங்கலுக்குள்ள குடி போகணும்னு அவசரப்படுத்தினீங்க" என்றார். அப்புறம் பாதிக் காசு கொடுத்தால் சரி செய்து தருவதாகச் சொன்னார். அதற்கப்புறம் போனை எடுப்பதே இல்லை. என்னிடம் முத்திரைத்தாள் ஒப்பந்தம் கிடையாது, அவர் எழுதிக்கொடுத்த நோட்டுப் பக்கமும், ஜி-பே ரசீதுகளும், கொத்தின இடத்தின் போட்டோக்களும்தான் இருக்கின்றன. அவற்றை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், எங்களைப் போல மாட்டினவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டிக்கொண்டிருக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பெல்ட்டுக்குக் கம்பி கட்டினதும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால், நீங்களே ஏணி வைத்து ஏறிப் பாருங்கள், ட்ரஸ் போல்ட் அந்தக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். ஊரில் இல்லையென்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், நாலு நாள் தாமதமானால் ஒன்றும் ஆகாது. கம்பி பலகையில் ஒட்டாமல் தள்ளி நிற்க வைக்கிற சின்னக் கட்டை, கவர் பிளாக், வைத்திருக்கிறார்களா பாருங்கள், கம்பி பலகையை ஒட்டிக் கிடந்தால் கடலோரத்தில் சீக்கிரமே துரு ஏறி கான்கிரீட் வெடிக்கும். கடல் மணலையோ உப்புத் தண்ணீரையோ கலவையில் சேர்க்க விடாதீர்கள். சின்ன வீடுகளைப் புயலுக்குத் தாங்கும்படி கட்டுவதற்கென்றே ஐ.எஸ். 15498 என்று 2004லிருந்து ஒரு வழிகாட்டி இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லி, அதன்படி கட்டுவீர்களா என்று காண்ட்ராக்டரைக் கேளுங்கள். கேள்விப்படாதவர் "புயல் வீடு" என்று சொல்லித் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பெல்ட் முடிந்து, பூச்சுக்கு முன்னால், வெளி ஆள் ஒருவர் வந்து பார்க்கும் வரைக்கும் ரூப் லெவல் பணத்தை, அதாவது சுவர் கூரை மட்டத்துக்கு வந்ததும் கொடுக்க வேண்டிய தவணையை, பிடித்து வையுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டில் ஷீட் முழுவதையும் இறக்கிவிட்டோம். தார்ப்பாய் கட்டி ஒரு அறையில் மட்டும் இருக்கிறோம், மாமியார் நாத்தனார் வீட்டில் இருக்கிறார்கள். வேறு கொத்தனார் வந்து நாலு மூலையிலும் சுவரைக் கீழே வரை வெட்டி 12 எம்.எம். கம்பி இறக்கி, மேலே பெல்ட்டுக்கு வளையம் கட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று சாயங்காலம் கம்பி கட்டி முடிந்ததும் "கலவை போட்டுடலாமாக்கா, வெளிச்சம் இருக்கு" என்று கேட்டார். இன்ஜினியர் சார் காலையில் வந்து பார்க்கட்டும், அதற்கப்புறம் போடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.