கால்குலேட்டரா, எக்செல்லா? முதலாண்டு வணிகக் கணிதத்தில் நான் கட்சி மாறிய கதை

பி.காம். முதலாண்டுக்கு வணிகக் கணிதம் எடுக்க ஆரம்பித்து ஐந்து ஆண்டு ஆகிறது. முதல் மூன்று ஆண்டும் கரும்பலகை, சூத்திரம், கால்குலேட்டர் என்றே ஓடியது. அப்புறம் வட்டி, தவணைப் பாடங்களை மட்டும் எக்செல்லுக்கு மாற்றினேன். இனி பழைய வழிக்குத் திரும்புவதாக இல்லை. ஏன் என்று சக ஆசிரியர்கள் கேட்கும்போதெல்லாம் அரைகுறையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். இங்கே முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் தள்ளிவிடலாம். வேகத்தில் எக்செல்லை மிஞ்ச முடியாது. செலவு என்று பார்த்தால் கால்குலேட்டர்தான். மின்சாரம் போனாலும் கவலையில்லை. செமஸ்டர் தேர்வு தாளில்தான் நடக்கிறது, அங்கே எக்செல் கிடையாது. காசு கொடுத்து எக்செல் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசம். கூகுள் ஷீட்ஸ் செல்போனிலேயே ஓடும். நான் கீழே சொல்லும் அட்டவணைகள் எல்லாவற்றையும் மூன்றிலும் போடலாம். இத்தோடு இது போதும்.

சில பாடங்களில் தாள்தான் நல்லது. லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்க எவ்வளவு விற்க வேண்டும் என்ற சமநிலைப் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 40,000 ரூபாய் நிலையான செலவு உள்ள ஒரு முறுக்குக் கடை. பாக்கெட் விற்கும் விலை 60, மாவு, எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 35. கையில் நிற்பது 25. நாற்பதாயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 1,600 பாக்கெட். இதற்குக் கணினியைத் திறப்பது ஈ அடிக்கக் கடப்பாரை தேடுவது மாதிரி. அதேபோல் இரண்டு மாறிகள் உள்ள நேரியல் திட்டக் கணக்கையும் (இருப்பதை வைத்து எதை எவ்வளவு செய்தால் லாபம் அதிகம் என்று தேடுவது) வரைபடத் தாளில் பென்சிலால் போட வைப்பேன். மாவு இவ்வளவு, ஆள் நேரம் இவ்வளவு என்று கோடுகளை இழுத்து, அவை வெட்டும் மூலையில் லாபம் உச்சத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. மூன்றாவது பண்டம் சேர்ந்ததும் வரைபடம் கைவிட்டுவிடும். எக்செல்லில் உள்ள சால்வர் என்ற விடை தேடும் கருவி அங்கே உதவும். ஆனால் சால்வரை வகுப்பில் ஒரே ஒரு பருவம்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அதைப் பற்றி அடித்துப் பேச எனக்கு அனுபவம் போதாது.

என்னை மாற்றியது வேறு ஒன்று. அதைக் கிளப்பியது ஒரு மாணவர் கொண்டுவந்த கடன் ரசீது.

அவருடைய அப்பா பழைய சரக்கு ஆட்டோ ஒன்றை வாங்க ஒரு லட்சம் ரூபாய் கடன் எடுத்திருந்தார். மூன்று ஆண்டு, மாதம் 3,611 ரூபாய். "பத்து பர்சென்ட்தான் சார் வட்டி, ஏஜென்ட் அப்படித்தான் சொன்னார். நம்ம சூத்திரத்துல போட்டா 3,227தான் வருது. நான் எங்க தப்பு பண்ணினேன்?" என்று கேட்டார். அவர் தப்பு பண்ணவில்லை. குறையும் இருப்பின் மேல், அதாவது இன்னும் அடையாத பாக்கிக்கு மட்டும், 10 சதவீதம் என்றால் தவணை 3,227 ரூபாய்தான். ஏஜென்ட் சொன்னது 'பிளாட்' வட்டி. ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 10,000, மூன்று ஆண்டுக்கு 30,000. மொத்தம் 1,30,000 ரூபாயை 36-ஆல் வகுத்தால் 3,611. அசலில் பெரும்பங்கு அடைந்துவிட்ட கடைசி மாதத்திலும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி போடுகிற கணக்கு அது.

இதுவரை கால்குலேட்டர் போதும். அடுத்து அவர் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. "அப்போ உண்மையில எத்தனை பர்சென்ட் சார்?"

பாடத்தில் வரும் கணக்கு எப்போதும் ஒரே திசையில் போகும். வட்டி வீதம் கொடுத்திருப்பார்கள், காலம் கொடுத்திருப்பார்கள், தவணையைக் கண்டுபிடி என்பார்கள். கடைத்தெருவில் கேள்வி தலைகீழாக வருகிறது. தவணை தெரியும், கடன் தொகை தெரியும், வீதம்தான் மறைந்திருக்கும். சூத்திரத்தை அப்படியே திருப்பிப் போட்டால் வராதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூட்டு வட்டியில் வரும்; எத்தனை ஆண்டில் பணம் இரட்டிக்கும் என்பதற்கு மடக்கை அட்டவணை இருக்கிறது. தவணைச் சூத்திரத்தில் வராது. அதில் வீதம் தனியாகவும் நிற்கிறது, 36-ஆம் அடுக்குக்குள்ளும் நிற்கிறது. அதைப் பிரித்து ஒரு பக்கமாகக் கொண்டுவர வழி கிடையாது. ஊகித்துப் போட்டு, சரிபார்த்து, மறுபடி ஊகிப்பது ஒன்றுதான் வழி. கால்குலேட்டரில் அதைச் செய்யலாம். நான்கு முறை செய்தபின் வகுப்பில் பாதிப் பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எக்செல்லில் என்ன செய்தோம் என்றால், தவணைக்கான தயார்ச் சார்பு (ஃபங்ஷன்) எதையும் தொடவில்லை. 36 வரிகள். ஒவ்வொரு வரியிலும் மாதத் தொடக்க இருப்பு, அந்த மாத வட்டி, கட்டிய 3,611, மாத முடிவில் இருப்பு. வட்டி வீதம் மேலே ஒரு பெட்டியில் தனியாக. கடைசி வரியில் இருப்பு பூஜ்யமாக வேண்டும். மேலே உள்ள வீதத்தை மாற்றிக்கொண்டே போங்கள், அவ்வளவுதான். 15 போட்டார்கள்: கடைசி வரி மைனஸ் ஆறாயிரத்து ஐந்நூறுக்குப் போனது. வீதம் போதவில்லை என்று அர்த்தம். 20 போட்டார்கள்: இன்னும் ஐயாயிரத்துக்கு மேல் பாக்கி நின்றது. 18-க்கு 200 ரூபாய் பாக்கி. 17.9-க்கு நாற்பது ரூபாய்க்குள் வந்துவிட்டது. பத்து என்று சொல்லி வாங்கிய கடன் கிட்டத்தட்ட பதினெட்டு.

விடை வந்ததைவிட, வரும் வழியில் அவர்கள் பேசிக்கொண்டது எனக்குப் பிடித்தது. "வீதத்தை ஏத்தினா பாக்கி ஏன் ஏறுது?" என்று ஒரு பெண் கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் முதல் வரியைக் காட்டி, "3,611-ல வட்டிக்கே 1,500 போயிடுது, அசல் எங்கிருந்து குறையும்?" என்றாள். மூன்று ஆண்டு கரும்பலகையில் எழுதியும் நான் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. சூத்திரத்தில் அந்த 36 மாதமும் ஒரே வரிக்குள் சுருண்டு கிடக்கும்; அட்டவணையில் மாதம் மாதமாக விரிந்து கிடக்கிறது.

சீட்டுக்கும் இதே கதைதான். இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. நான்காம் மாதம் 25,000 தள்ளி 75,000-க்கு ஒருவர் எடுக்கிறார். அவர் கொடுத்த வட்டி எவ்வளவு? ஒவ்வொரு மாதமும் கழிவு வேறு வேறு என்பதால் கட்டும் தொகையும் வேறு வேறு. எந்தச் சூத்திரத்திலும் இதை உட்கார வைக்க முடியாது. அட்டவணையில் போடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: மூன்று மாதம் கட்டுகிறோம், பிறகு வாங்குகிறோம், பிறகு மறுபடி கட்டுகிறோம். பணத்தின் திசை இரண்டு முறை மாறினால், கணக்கைப் பூஜ்யமாக்கும் வீதங்கள் இரண்டுகூட இருக்கலாம். முதலாண்டு மாணவரிடம் இதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்போதைக்குச் சீட்டுக் கணக்கில் முதல் மாதமே எடுத்தவர் கதையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எக்செல்லின் கெட்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். தாளில் தப்பு செய்தால் அடித்தல் திருத்தலில் தெரிந்துவிடும். எக்செல்லில் தப்பான விடையும் கட்டம் போட்டு, கமா வைத்து, அழகாக நிற்கும். எங்கள் வகுப்பில் அடிக்கடி நடப்பது டாலர் குறி மறதி. வீதம் இருக்கும் பெட்டியை அந்தக் குறி போட்டுப் பூட்டாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால், இரண்டாம் வரியிலிருந்து காலிப் பெட்டியை வீதமாக எடுத்துக்கொள்ளும்; வட்டி பூஜ்யம். கடன் சீக்கிரம் அடைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. பெரியவர்களுக்கும் இது நடக்கும். பொருளாதாரப் பேராசிரியர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் நாடுகளின் கடன், வளர்ச்சி பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சராசரி எடுக்கும்போது ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து நாடுகள் வரிசையிலிருந்து விடுபட்டிருந்தன. 2013-இல் அதைக் கண்டுபிடித்தவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன். அவர்களுடைய எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தபோது தெரிந்தது. இந்தச் சம்பவத்தைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு வருகிறது.

அதனால் ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன். முதல் மூன்று மாதத்தைத் தாளில், கால்குலேட்டரில் போட வேண்டும். அது எக்செல்லின் முதல் மூன்று வரியோடு பொருந்தினால்தான் மேற்கொண்டு இழுக்கலாம். கடைசியில் அசலாகப் போன தொகைகளைக் கூட்டினால் ஒரு லட்சம் வர வேண்டும். இந்த இரண்டு சோதனையில் பெரும்பாலான தப்பு மாட்டிக்கொள்கிறது. எல்லாம் மாட்டும் என்று சொல்ல மாட்டேன்.

கரும்பலகையை நான் கேவலமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். எக்செல் போன்ற விரிதாளே ஒரு கரும்பலகையைப் பார்த்துப் பிறந்ததுதான். 1970-களின் கடைசியில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்த டான் பிரிக்லின், பேராசிரியர் பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த மற்ற எண்களை எல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்தார். பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் 1979-இல் வெளிவந்தது. நானும் மூன்று ஆண்டு அப்படி அழித்து எழுதியவன்தான். எனக்கு வந்தது முழங்கை வலி மட்டும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று பாக்கி. ஆய்வக நேரம் வாரத்துக்கு ஒன்றுதான் தந்தார்கள், அதிலும் பாதி இயந்திரம் எழுந்திருக்காது. செல்போனில் கூகுள் ஷீட்ஸ் போட வைத்தேன். சின்னத் திரையில் 36 வரி கொஞ்சம் சிரமம்தான், ஆனால் ஓடுகிறது. செமஸ்டர் மதிப்பெண் கூடியதா என்று கேட்டால், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டே தொகுதி மாணவர்களை வைத்து அதைப் பற்றி எதுவும் சொல்வது நியாயமாக இருக்காது.

அந்த ஆட்டோ வீட்டு மாணவர் பருவம் முடியும் நேரத்தில் இன்னொரு தாளோடு வந்தார். 'வட்டியில்லா தவணை' என்று போட்ட செல்போன் விளம்பரம்: 18,000 ரூபாய், மாதம் 3,000 வீதம் ஆறு தவணை, வாங்கும்போது செயலாக்கக் கட்டணம் 600. ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். தொடக்க இருப்பு 17,400 என்று எழுதி, கீழே ஆறு வரி, மேலே வீதப் பெட்டியில் 11.7.

"ஜீரோன்னு போட்டிருக்காங்க சார்," என்றார். "வாங்கலாமா வேணாமா?"

கையில் மொத்தப் பணம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வெளியே வாங்கினால் எவ்வளவு கேட்பார்கள்? நூற்றுக்கு இரண்டு என்றார். ஆண்டுக்கு 24. அந்த எண்ணையும் அவரே பக்கத்துப் பெட்டியில் எழுதிக்கொண்டார்.