பன்னிரண்டு மாடி டவரா, ஐந்து மாடிக் கட்டடமா? நாகர்கோவிலில் ஃபிளாட் வாங்கும் முன்

துபாயில் இருக்கும் அண்ணன் போன வாரம் இரண்டு பிளான்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஒன்று, நாகர்கோவில் ஊருக்குள் வரப்போகும் பன்னிரண்டு மாடி டவர். இன்னொன்று, அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும் கட்டடம்; கீழே கார் நிறுத்தம், மேலே ஐந்து மாடி. "நீ கட்டுமான வேலையில இருக்கியவன், எது நல்லதுண்ணு பாத்துச் சொல்லு" என்றார். மைனிக்கு டவர் பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. அஞ்சு சென்ட் வாங்கி, கிணறும் ரெண்டு மூடு தெங்குமாகத் தனி வீடு வேண்டும்.

அம்மாவின் ஆசை நியாயமானதுதான். ஆனால் எங்கள் கைக்கு எட்டும் விலையில் காட்டப்படும் மனைகள் எல்லாம் வயலை நிரப்பிப் போட்டவை. பழையாற்றுத் தண்ணீரில் நெல் விளைந்த மண்ணில் லாரி லாரியாகச் செம்மண் அடித்து வீடு வைக்க எனக்கு மனம் வரவில்லை. அஸ்திவாரத்துக்கும் அந்த மண் நல்லதல்ல. அதனால் தனி வீட்டை இதோடு விட்டுவிடுகிறேன். மேல்நோக்கிக் கட்டினால் வயல் மிஞ்சும் என்பது டவருக்கும் ஐந்து மாடிக்கும் பொதுவான நன்மை.

ஐந்து மாடிக் கட்டடங்கள் ஏன் எல்லா ஊரிலும் ஒரே உயரத்தில் நிற்கின்றன என்று பலர் கேட்பார்கள். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் காரணம். 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயரக் கட்டடம். நாலு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும், தீயணைப்புத் துறை அனுமதி வேண்டும், எதிரே உள்ள சாலையும் அகலமாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கட்டும் பரப்பு கூடுதலாகக் கிடைக்கும். சாதாரணக் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல 2 மடங்கு. உயரக் கட்டடத்துக்கு, சாலை 18 மீட்டர் இருந்தால், 3.25 மடங்கு. 18 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட அறுபது அடி. நம் ஊரில் எத்தனை தெரு அப்படி இருக்கிறது?

இந்த 2-க்கும் 3.25-க்கும் நடுவில்தான் வாங்குகிறவரின் நிலம் கரைகிறது. ஒரு ஏக்கர், அதாவது நூறு சென்ட், 43,560 சதுர அடி. வீடு ஒன்றுக்குப் பொதுப் பரப்பு உட்பட 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாடியில் 72 வீடுகள் வரும். ஒரு வீட்டுக்கு நிலத்தில் கிடைக்கும் பிரிக்கப்படாத பங்கு சுமார் 605 சதுர அடி. டவரில் 117 வீடுகள். பங்கு 372 சதுர அடி. முன்னதில் ஒன்றரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு, பின்னதில் ஒரு சென்ட் கூட இல்லை. கட்டடத்தின் மதிப்பு வருஷா வருஷம் தேயும், ஏறுவது நிலத்தின் விலை. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய குடியிருப்பை இடித்துக் கட்ட 2022-ம் வருஷத்து அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த நாள் வரும்போது பிள்ளைகள் கையில் இருக்கப்போவது இந்தப் பங்குதான்.

அப்புறம் உப்பு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கடற்கரை ஊரான முட்டம் பக்கம் ஒரு நாலு மாடிக் கட்டடத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டி பன்னிரண்டு வருஷம். மூன்றாவது மாடி பால்கனியின் அடியில் பழுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டினேன், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி ஏடு ஏடாகத் துருப்பிடித்து ஊதியிருந்தது. கம்பிக்கு மேல் இருந்த கான்கிரீட்டை ஸ்கேல் வைத்து அளந்தால் 15 மில்லிமீட்டர். கடற்கரைச் சூழலுக்கு இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456 கேட்பது 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) எம் 30 என்ற வலிமைத் தரத்துக் கான்கிரீட்டும். உப்புக்காற்று நேரடியாகப் படாத இடத்துக்கே 30 மில்லிமீட்டர் வேண்டும். இரும்பு துருவாகும்போது இடம் அதிகம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் வெடிக்கிறது.

அங்கே குழாய்ச் சாரம் கட்டி, கொத்தி, கம்பியைத் தேய்த்து, பூச்சு கொடுத்து இரண்டு வாரத்தில் சரிசெய்தோம். இதே கோடு பதினோராவது மாடியில் வந்தால்? கயிற்றில் தொங்கும் தொட்டிலும் அதற்குப் பழகிய ஆட்களும் வெளியூரிலிருந்து வர வேண்டும். பெயின்ட் அடிக்கவும் அதே செலவு. பணம் பிரிக்கலாம் என்றால், நம் குமரி மாவட்டத்தில் ஃபிளாட்காரர்கள் பலர் கடல் கடந்து இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மெயின்டனன்ஸ் கேட்டு அசோசியேஷன் செயலாளர் படும் பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

டவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கான்கிரீட் ஆலையிலிருந்து வரும், கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் டெஸ்ட் ஒழுங்காக நடக்கும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தில்லாமல் ஒரு தளமும் எழும்பாது. ஐந்து மாடியில் கண்ணளவில் தண்ணீர் ஊற்றிக் கலவை போடுகிற இடங்களை நான் கண்டதுண்டு. இன்னொன்று லிஃப்ட். போன வருஷம் சித்தப்பாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்தது. அவர்கள் இருப்பது ஐந்து மாடிக் கட்டடத்தின் நாலாவது மாடி, நாலு பேர் நிற்கும் ஒரே லிஃப்ட். ஸ்ட்ரெச்சர் உள்ளே போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் படிக்கட்டு வழியாகத் தூக்கி இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலிக் கால் சுவரில் இடித்தது. அண்ணன் அனுப்பிய டவர் பிளானில் இரண்டு லிஃப்ட், அதில் ஒன்று ஸ்ட்ரெச்சர் போகிற அளவு. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

ஆனால் ஒக்கி புயல் நினைவிருக்கிறதா? 2017 நவம்பர் 30. கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கும்வரைதான் பன்னிரண்டாவது மாடிக்குத் தண்ணீரும் லிஃப்டும். மூன்றாவது மாடி என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடலாம்.

காற்றும் மழையும் பற்றிச் சுருக்கமாக. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, சாரல் பக்கவாட்டில் வரும். பத்மநாபபுரம் அரண்மனையில் கூரையைச் சரித்து வெளியே நீட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். டவர் பிளானில் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடே இல்லை, வழவழவென்று கண்ணாடி. ஐந்து மாடியில் இரண்டடி நீட்டியிருக்கிறார்கள்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு உள்ளவை, கட்டமைப்புக் குறைக்கு ஐந்து வருஷப் பொறுப்பு இரண்டிலும் உண்டு.

நேற்று ராத்திரி அண்ணனிடம் சொன்னேன்: ஐந்து மாடியில் மூன்றாவது தளம் எடுப்போம், லிஃப்டைப் பெரிதாக்க ஒத்துக்கொண்டால். பில்டர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், லிஃப்ட் குழிக்கு இன்னும் சுவர் எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது தளத்துக்குக் கம்பி கட்டி முடிக்கிறார்கள். கான்கிரீட் விழுவதற்கு முன் போய், பால்கனிக் கம்பிக்கு அடியில் கவர் கிடைப்பதற்காக எத்தனை மில்லிமீட்டர் கட்டை (கவர் பிளாக்) வைத்திருக்கிறார்கள் என்று அளந்து பார்க்க வேண்டும். 45 இல்லாவிட்டால் அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.